பிள்ளைகளின் வீட்டுக்கணக்கும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவதே நம் சங்கத்தின் மரபு. அதற்குரிய புலமை எம்மிடம் இல்லை. இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலந்தள்ளும் எழுத்தர் நாம்; படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றது. ஆயினும் சனி, ஞாயிறு மாலைகளில் சங்கத்தின் பின்னறையில் பாய் விரித்து, பள்ளிப் பிள்ளைகளின் அல்ஜீப்ராக் கணக்குக்கும் பௌதிகக் கணக்குக்கும் துணையிருக்கும் சிலரில் நாமும் சேர்ந்தவர் என்பதால், அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பௌதிகம் என்பது நம் தந்தையார் காலத்துச் சொல். இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூல் இயற்பியல் என்கிறது. எந்தப் பெயரால் அழைத்தாலும் பிள்ளைகள் அதைக் கண்டு அஞ்சுவதில் மாற்றமில்லை.

இவ்வுரைக்கு ஒரு காரணமும் உண்டு, அதை மறைப்பானேன்? அந்தப் பின்னறையைக் கட்டணம் பெறும் டியூஷன் வகுப்பு ஒன்றுக்கு வாடகைக்கு விட்டால் சங்கத்துக்கு வருவாய் கிட்டுமென்ற யோசனை செயற்குழுவில் எழுந்துள்ளது. கூரை ஒழுகுவதும், மின் கட்டணம் ஏறுவதும் நமக்குத் தெரியும். யோசனை கூறியவர்கள் கெட்ட எண்ணத்தால் கூறவில்லை. வகுப்புக்கு வாரந்தோறும் பதினைந்து பேர்தாம் வருகின்றனர், நடத்துவோரோ பட்டம் பெறாதோர், நல்ல ஆசிரியர் வந்து நடத்தட்டுமே என்பது அவர்கள் வாதம். முடிவெடுக்குமுன் அந்தப் பாயில் என்னதான் நடக்கிறது என்பதைச் சபையோர் அறிய வேண்டுமென்பதே எம் வேண்டுகோள்.

முதலில் நம் பிள்ளைகளின் நிலைமையைப் பாருங்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. தாராவியிலும் அதைச் சுற்றியும் நம்மவர் வீட்டுக் குழந்தைகள் பலர் அங்கேதான் அகரம் எழுதத் தொடங்குகின்றனர். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஏழு அல்லது எட்டாம் வகுப்போடு தமிழ்வழி முடிந்துவிடுகிறது. அதன்பின் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர வேண்டும். அல்ஜீப்ரா கடினமாகத் தொடங்குவதும் அதே வகுப்பில்தான். விசையும் முடுக்கமும் வருவதும் அதே வகுப்பில்தான். ஒரே ஆண்டில் மொழியும் மாறி, பாடமும் முறுக்கிக்கொள்கிறது. மகாராஷ்டிர வாரியத்தின் பத்தாம் வகுப்பில் கணிதம் இரண்டு தாளாக வருகிறது. அல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி ஒன்று. எழுத்துத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் 40 மதிப்பெண், உள்மதிப்பீடு 20. 2018-இல் வந்த பத்தாம் வகுப்புப் பாடநூலில் அல்ஜீப்ராவின் முதற்பாடமே இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடு. அறிவியல் முதற்பாகத்தின் முதற்பாடம் ஈர்ப்புவிசை. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளை அங்கேயே தடுக்கி விழுகிறது.

அறிவுக் குறைவால் விழுகிறது என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செம்பூருக்கு அப்பால் மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது, 1974-இல் தோன்றியது. 1980-களின் தொடக்கத்தில் அந்த மையத்தின் வி. ஜி. குல்கர்னி, எஸ். சி. அகர்கர் ஆகியோர், மாநகராட்சிப் பள்ளிகளில் பயின்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை அழைத்து, பள்ளி நேரத்துக்குப் புறம்பே அறிவியலிலும் கணிதத்திலும் துணை நின்றனர். அந்தப் பிள்ளைகளைத் தடுத்தது மூளையன்று, மொழியே என்று அவர்கள் கண்டனர். பாடநூலின் மொழி அந்தக் குழந்தைகள் வீட்டில் பேசும் மொழியினின்று வெகு தொலைவில் இருந்தது. வீட்டில் கேட்க ஆளும் இல்லை. அவ்விரண்டையும் சரிசெய்தபோது மதிப்பெண்கள் உயர்ந்தன. அவர்கள் மராத்தி பேசும் பிள்ளைகள். தம் தாய்மொழியிலேயே படித்தவர்கள். அவர்களுக்கே மொழி சுவராக நின்றதென்றால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவும் நம் பிள்ளைகளின் கதி என்ன?

இதற்கு எம் பாயிலேயே சான்றுண்டு. ‘ஃபைவ் லெஸ் தேன் ட்வைஸ் எ நம்பர்’ என்று புத்தகம் கேட்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பையன் ‘5 கழித்தல் 2 எக்ஸ்’ என்று எழுதுவான். ஆங்கிலத்தில் ஐந்து முதலில் வருகிறது. அவனும் ஐந்தை முதலில் எழுதிவிட்டான். அதையே தமிழில் சொல்லச் சொல்வோம். ‘ஓர் எண்ணின் இருமடங்கில் ஐந்து குறைவு’ என்பான். முதலில் எண், பிறகு இருமடங்கு, அதன்பின் ஐந்து குறைவு. சொன்ன வரிசையிலேயே எழுது என்றால் ‘2 எக்ஸ் கழித்தல் 5’ என்று தானாகவே விழுகிறது. நம் மொழியின் சொல்வரிசை அந்தக் கணக்கின் எழுத்துவரிசையோடு அப்படியே ஒத்துப்போகிறது. இதை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் டியூஷன் வகுப்பு சொல்லித்தருமா? தரலாம். எமக்கு ஐயமே.

மொழியின் குழப்பம் பௌதிகத்தில் இன்னும் வேடிக்கையாக வரும். ‘ஒர்க்’ என்றால் வேலை. தாதர் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துச் சமதளமான நடைமேடையில் 200 மீட்டர் நடக்கும் கூலித் தொழிலாளி, புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை சூன்யம் என்கிறது பௌதிகம். எம் வகுப்பில் ஒரு சிறுமி இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டாள். அவள் பாட்டனார் அந்தத் தொழில் செய்தவராம். “அப்போ தாத்தாவுக்குக் கூலி எதுக்குக் கொடுத்தாங்க மாமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி, பாடநூலில் இல்லாத கேள்வி. விசை மேல்நோக்கி, நகர்ச்சி பக்கவாட்டில். விசையின் திசையில் நகர்ந்தால்தான் பௌதிகத்தின் வேலை என்று விளக்கி, அதே மூட்டையோடு 6 மீட்டர் உயரமுள்ள மேம்பாலப் படியில் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டோம். 40 பெருக்கல் 9.8 பெருக்கல் 6, ஆக 2,352 ஜூல் என்று அவளே போட்டாள். மூட்டைக்கு மட்டுமே இது, தாத்தாவின் உடம்பையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்பதையும் அவளே சொன்னாள். ஊதியம் வேறு, ஜூல் வேறு என்பதை ஒருவாறு ஏற்றுக்கொண்டாள். மனம் முழுதும் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இப்படித்தான் நிறையும் எடையும். கடையில் ஐந்து கிலோ எடை என்கிறோம். பௌதிகத்தில் கிலோகிராம் நிறைக்கு உரியது, எடைக்கு நியூட்டன். ஆங்கிலத்தில் ‘மாஸ்’, ‘வெயிட்’ என்று இரண்டும் அயற்சொற்களாகவே நிற்பதால் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எதற்கும் எழுதிவிடுகின்றனர். நிலாவுக்குப் போனால் மாறாதது நிறை, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காவது எடை என்று தமிழில் ஒருமுறை பேசித் தீர்த்துவிட்டால் பிறகு தவறுவதில்லை.

‘விடை தெரியாதவர் எப்படி உதவ முடியும்?’ என்று எம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. எம்மில் பெரும்பாலோர் அல்ஜீப்ராவைப் பள்ளியோடு மறந்தவர்கள். ஆனால் விடை சொல்லுவதையே உதவி என்று நாம் கொள்வதில்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை, கணக்கைத் தீர்ப்பது எப்படி என்பது பற்றி 1945-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் கூறும் படிகள் நான்கு. கணக்கைப் புரிந்துகொள், வழியை யோசி, அவ்வழியே செய், செய்தபின் திரும்பிப் பார். இதில் முதற்படிக்கும் கடைசிப்படிக்கும் பட்டம் தேவையில்லை. என்ன கொடுத்திருக்கிறான், என்ன கேட்கிறான், எந்த அலகில் கேட்கிறான், ஒரு படம் போட முடியுமா என்று கேட்க எவராலும் இயலும். விடை வந்தபின், ‘இது நடக்கக்கூடியதா?’ என்று கேட்கவும் இயலும். எம் பாயில் ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. பிள்ளையின் கையிலிருக்கும் பென்சிலை எவரும் வாங்கக் கூடாது. பெரிய பொறியாளரே வந்தாலும் வாங்கக் கூடாது. பொறியாளர்களுக்குத்தான் இதைப் பின்பற்றுவது கடினமாக இருக்கிறது. கணக்கைக் கண்டதும் அவர்கள் கை துறுதுறுக்கிறது.

‘நடக்கக்கூடியதா’ என்ற கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 250 மீட்டர் நீள வண்டி, 275 மீட்டர் நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரம்? ஒரு பையன் 275-ஐ 54-ஆல் வகுத்து ஐந்து நொடி என்றான். மாட்டுங்காவில் நில்லாமற் செல்லும் விரைவு லோக்கலைப் பார்த்ததில்லையா, ஐந்து நொடியில் அது முழுவதும் போய்விடுமா என்று கேட்டோம். விழித்தான். மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, ஆறு பிள்ளைகளை நடைமேடைச் சீட்டு வாங்கி அழைத்துச் சென்றோம். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, ஒரு தூணைக் குறித்துக்கொண்டு, வண்டியின் மூக்கு தூணைத் தொடும்போது கடிகாரத்தைத் தொடங்கி வால் நீங்கும்போது நிறுத்தினார்கள். 15 நொடி வந்தது. பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு ஏறத்தாழ 21 மீட்டர், ஆகமொத்தம் 252 மீட்டர். நொடிக்கு 16.8 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தூணைக் கடக்க வண்டியின் நீளம் மட்டுமே கணக்கு. நடைமேடையைக் கடக்க இரண்டின் நீளமும் கணக்கு என்று அங்கேயே ஒருவன் கூவினான். பிறகு பழைய கணக்குக்கு வந்தனர். மணிக்கு 54 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 15 மீட்டர். 250-உம் 275-உம் 525. ஆக 35 நொடி. பாடநூல் விடையும் அதுவே.

இரயில்வேயில் இருப்பதால் இன்னொன்றும் எமக்கு எளிதில் கைவந்தது. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இந்தியாவின் முதல் மின்சார இரயில் ஓடியது. அது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். நம் தலைமுறை வரைக்கும் மும்பை லோக்கல்கள் அதே மின்னழுத்தத்தில் ஓடின; பிறகு படிப்படியாக 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறி, மத்திய இரயில்வேயில் துறைமுகப் பாதையோடு 2016-இல் முடிந்தது. எதற்காக மாற்றினார்கள்? பத்தாம் வகுப்பு மின்சாரப் பாடத்தில் விடை இருக்கிறது. திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருக்கியது. ஒரு வண்டிக்கு 15 லட்சம் வாட் வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 வோல்ட்டில் 1,000 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 60 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவதோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே கம்பி என்றால் பழைய முறையில் ஏறத்தாழ 278 மடங்கு வீண். மாறுமின்னோட்டத்தில் வேறு நுட்பங்களும் உண்டு. பள்ளிக் கணக்குக்கு இது போதும். ஓமின் விதியை உருப்போட்டுச் சலித்த பிள்ளைகள் இதன்பிறகு தலைக்கு மேலே ஓடும் கம்பியை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினர். உருப்போடும் வேலை நின்றது என்று சொல்ல மாட்டோம்; குறைந்தது.

அல்ஜீப்ரா படியாத தாய்மார்களுக்கு அல்ஜீப்ரா வராது என்று எண்ணிவிடாதீர்கள். தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு நகரெங்கும் புறப்படும் நம்மவர்களை அறியாதார் யார்? அப்படித் தொழில் செய்யும் ஓர் அம்மையார், மகளை அழைத்துப்போக வந்தவர், வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகள் போட்டுக்கொண்டிருந்தது இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடு. நாம் எழுதிக் கொடுத்த கணக்கே அது. இட்லித் தட்டு 30 ரூபாய், வடைத் தட்டு 40 ரூபாய், மொத்தம் 50 தட்டு விற்று 1,720 ரூபாய் வந்தது, வடை எத்தனை? மகள் எக்ஸும் ஒய்யும் எழுதி எதை எதனால் பெருக்குவது என்று திகைத்திருந்தாள். அம்மையார் வாசலிலிருந்தே, “எல்லாம் இட்லின்னே வச்சுக்கோயேன், ஆயிரத்தைந்நூறு. மிச்சம் இருநூத்தி இருபது. வடைக்குப் பத்து பத்து கூட. இருபத்திரண்டு வடை” என்றார். சொல்லிவிட்டு, தாம் குறுக்கே பேசியது தவறோ என்பதுபோல முந்தானையை இழுத்துக்கொண்டார்.

அன்பர்களே, அந்த அம்மையார் செய்தது என்ன? முதற்சமன்பாட்டை 30-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தார். புத்தகத்தில் நீக்கல் முறை என்று பெயர் சூட்டியிருப்பதும் அதுவே. மகளை அம்மா சொன்னதை அப்படியே எழுத்தில் எழுதச் சொன்னோம். வரிக்கு வரி பொருந்தியது. 22 வடை, 28 இட்லி. பிள்ளையின் முகத்தில் அன்று தோன்றிய வியப்பு கணக்கைக் கண்டதனால் மட்டும் அன்று. தன் தாய்க்கு ஒன்றும் தெரியாது என்று பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாள்முதல் அவள் எண்ணியிருந்தாள். அந்த அம்மையாரைப் பாயில் வந்து உட்காரச் சொல்லி இப்போது எட்டு வாரம் ஆகிறது; இன்னும் வாசலிலேயே நிற்கிறார். வாசலில் நின்றபடியே மூன்று பேருடைய கணக்கைத் திருத்தியிருக்கிறார்.

நம்மவர்க்கு இது புதியதன்று. காரி நாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ் நூலில் நிலமும் நெல்லும் பொன்னும் பாட்டாகவே கணக்காக வரும். எண்சுவடியைத் திண்ணையில் அமர்ந்து கூவி ஒப்பித்தார்கள் நம் பாட்டன்மார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அடி மிகுதி, உருப்போடல் மிகுதி. அவற்றைப் போற்ற நாம் வரவில்லை. ஆனால் அதிலிருந்த ஒன்றை உலகமே எடுத்துக்கொண்டது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக இருந்த அனாதை இல்லத்தில் 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் இல்லத்தில் நடத்தினார். 1797-இல் அது பற்றி நூலும் எழுதினார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. நாம் சட்டாம்பிள்ளை என்று கேலி பேசியதை அங்கே கல்வித் திட்டமாக்கினார்கள்.

எம் பாயிலும் இம்முறைதான் அதிகம் பலிக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். சொல்லித்தரும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்பது அதற்கே தெரிகிறது. கட்டண வகுப்பில் இதற்கு இடமிராது. காசு கொடுத்த பிள்ளை ஏன் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும்?

இராமானுஜன் கதையைச் சபையோர் அனைவரும் அறிவீர்கள்; 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானதும், 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டன. எழுத்தர் தொழிலில் இருப்போர்க்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சியும் உண்டு. நாம் சொல்ல விரும்புவது அவரைப் பற்றியன்று. கும்பகோணத்தில் அவர் வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர் இருவர் இருந்தனர். சிறுவன் கேட்ட கணக்குகளுக்கெல்லாம் அவர்கள் பொறுமையாய் விடை சொன்னார்கள். பதினோரு வயதிற்குள் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. பிறகு லோனி எழுதிய திரிகோணமிதி நூல் இரவலாய் வந்தது. அதற்கும் பிறகு கார் என்பார் தொகுத்த சூத்திரத் தொகுதி வந்தது. கார் இலண்டனில் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அவர் நூலும் அதற்காகப் பிறந்ததே. அந்த இரு மாணவர்கள் கணித மேதைகள் அல்லர். தமக்குத் தெரிந்தது தீரும்வரை சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவே. எமக்குத் தெரிந்தது இரண்டே மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் மாட்டுங்காவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை மாமி ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுகிறோம்.

மாட்டுங்கா என்றதும் நினைவு வருகிறது. அங்கே பாவ் தாஜி சாலையில் நடவாத தமிழர் இரார். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிய பெரியோர்களும் அதே மாட்டுங்காவில்தான் நம் பிள்ளைகளுக்காகப் பள்ளி வைத்தார்கள். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த பாவ் தாஜி பம்பாயின் பெயர்பெற்ற மருத்துவர். பழைய கல்வெட்டுகளைத் தேடிப் படித்த அறிஞரும் ஆவார். நம் மத்திய இரயில்வேயின் சாலிஸ்காவ் நிலையத்துக்கு அருகே பாட்டண் என்ற சிற்றூரில் ஒரு கல்வெட்டைக் கண்டு 1865-இல் உலகுக்கு அறிவித்தவர் அவர். 1207-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கணித மேதை பாஸ்கரரின் நூல்களைப் பயில்வதற்கென்றே அவர் பேரன் சாங்கதேவர் ஒரு மடம் நிறுவியதையும், அதற்கு மானியம் விடப்பட்டதையும் கூறுகிறது. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் பல கணக்குகள் ஒரு பெண்ணை விளித்துக் கேட்கும் முறையில் இருக்கின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மாநிலத்தில் கணக்குப் பயில ஓர் இடத்தை மானியம் விட்டுக் காத்தார்கள். அதுவும் பெண்ணைப் பார்த்துக் கேட்ட கணக்குகள். இன்று எம் பாயில் அமரும் பதினைவரில் ஒன்பதின்மர் பெண்கள். அவர்களில் நால்வர் வீட்டில் டியூஷன் கட்டணம் என்ற பேச்செழுந்தால், கட்டணம் அண்ணனுக்கே போகும். இதைச் சபையில் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் உண்மை.

செல்பேசி இருக்கிறதே என்பார்கள். கணக்கைப் படமெடுத்தால் போதும், செயற்கை நுண்ணறிவு வரிக்கு வரி தீர்த்துத் தருகிறது, தமிழிலும் விளக்குகிறது. நாம் அதற்குப் பகைவரல்லோம். இரவு பதினொரு மணிக்கு மாமியைத் தொலைபேசியில் எழுப்ப முடியாது; செல்பேசி உறங்குவதில்லை. ஆனால் விடையைப் பார்த்து எழுதிய நோட்டுப் புத்தகம் பள்ளியில் ‘சரி’ வாங்கிவிடுகிறது. தேர்வு மண்டபத்தில் செல்பேசி இல்லை. கைடு புத்தகம் இருந்த காலத்திலும் இதே நோய் இருந்தது. இன்று நோய் வேகமாய் ஓடுகிறது, அவ்வளவே. அதுவும் சிற்சில வேளை தவறான விடையைத் தயங்காமல் சொல்லுகிறது. ஆகவே எம் பாயில், கொடுத்தது என்ன, கேட்டது என்ன என்பதைப் பிள்ளை தன் வாயால் தமிழில் சொல்லித் தாளில் எழுதும்வரை செல்பேசி குப்புறக் கிடக்க வேண்டும். எழுதியபின் திறக்கலாம். அது போட்ட வழியில் பிழை கண்டுபிடிப்பவருக்கு ஒரு சுண்டல் பொட்டலம் அதிகம். இவ்வாண்டில் மூன்று பொட்டலம் கொடுத்திருக்கிறோம்.

வாடகை பற்றியும் ஒரு சொல். அந்த அறை வாரத்தில் ஐந்து நாள் பூட்டியே கிடக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை கட்டண வகுப்புக்கு விடுவதில் எமக்கு மறுப்பில்லை. சனி, ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை பாய்க்கு விட்டுவிடுங்கள் என்றே கேட்கிறோம். அந்த நான்கு மணி நேரத்துக்குரிய மின்சாரச் செலவை நாமே தருகிறோம். சந்தில் விளக்கு எரிவதில்லையாதலால் பெண் பிள்ளைகளை ஏழு மணிக்கு வீட்டில் விட இரண்டு பெரியவர்கள் தேவைப்படுகின்றனர். ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் வேண்டும். செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் நம் உறுப்பினர் பட்டியலில் உள்ளனர். மாதத்தில் ஒருநாள் வந்தால் போதும். பென்சிலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அல்ஜீப்ரா மறந்தவர்களும் வரலாம். கொடுத்தது என்ன, கேட்டது என்ன என்று வினவத் தெரிந்தால் இடமுண்டு.

பிள்ளைகளை அனுப்புவோர் பாடநூல், கோடு போடாத நோட்டு, பென்சில், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றோடு அனுப்புக. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராப் பழைய பாடநூல்கள் வீட்டில் இருந்தால், காகிதக்காரரிடம் போடாமல் செயலாளரிடம் சேர்த்துவிடுமாறு வேண்டுகிறோம். அறிவியல் முதற்பாகம் நான்கு பிரதி இப்போதே தேவை. செயற்குழு வரும் ஞாயிறன்று கூடுகிறது.

நாடகத்துக்குத் திரை தயாராகிவிட்டது என்று சைகை வருகிறது.